மூச்சைப் பிடிக்க முடியாத அம்மாவுக்கு ஈரல் எம்.ஆர்.ஐ. எடுப்பது எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அம்மாவுக்கு 68 வயது, ஆஸ்துமாவும் உண்டு. பல வருடமாகக் கொழுப்பு ஈரல் இருந்து, இப்போது ஈரல் தழும்பேறி இறுகுகிற சிரோசிஸ் தொடங்கியிருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் ஈரலின் மேற்பகுதியில் இரண்டு சென்ரிமீற்றர் அளவில் ஏதோ தெரிந்ததால், படத்தில் வேறுபாட்டைத் தெளிவாக்குகிற கொன்ட்ராஸ்ட் ஊசியோடு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். எடுத்த பிறகு, "அசைவினால் படங்கள் தெளிவில்லை, திரும்ப எடுக்கவும்" என்று ரிப்போர்ட் வந்தது. மூச்சைப் பிடிக்கத் தேவையில்லாத மெஷின் கொழும்பில் இருக்கிறதா, கூடக் காசு கொடுத்து, காந்த பலம் கூடிய 3 டெஸ்லா மெஷினில் எடுத்தால் சரிவருமா, மயக்க மருந்து கொடுக்கலாமா, இல்லையென்றால் சென்னைக்குக் கூட்டிப் போவதா என்று கேட்கிறார்.

நான் கொழும்பில் பல வருடமாக எம்.ஆர்.ஐ. எடுக்கிற ரேடியோகிராபர். இந்தக் கேள்வி உங்கள் வீட்டோடு நிற்கிற ஒன்றல்ல. ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் செய்த ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. அதில் ஒரு பங்கினர் எப்போதாவது இந்த மெஷினுக்குள் படுக்கத்தான் போகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அம்மா "சரியாகச் செய்யவில்லை" என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். 20 செக்கன் மூச்சைப் பிடிக்க முடியாதவருக்கு 20 செக்கன் படத்தைக் கொடுத்தது எங்கள் பக்கத்துப் பிழை. 10 செக்கனில் முடிகிற படமாக அதை மாற்ற முடியும். அதற்கு அனேகமாக வேறு மெஷின் தேவையில்லை, படம் எடுப்பவருக்கு முன்கூட்டியே விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

ஈரல் ஏன் இவ்வளவு கஷ்டம் கொடுக்கிறது என்றால், அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டுக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரணமாக மூச்சு விட்டு எடுக்கும்போதே ஒன்று, இரண்டு சென்ரிமீற்றர் மேலும் கீழும் போய் வரும். ஆழமாக மூச்செடுத்தால் அதைவிடக் கூட. உங்கள் அம்மாவுக்குத் தேடுகிற பொருளே இரண்டு சென்ரிமீற்றர்தான், அதுவும் ஈரலின் மேற்பகுதியில், அசைவு ஆகக் கூடிய இடத்தில். அதாவது ஒரு மூச்சுக்குள் அது தன் முழு அகலத்துக்கும் இடம் மாறிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் எம்.ஆர்.ஐ. படம் உருவாகிற விதத்தில் இருக்கிறது. கலியாண வீட்டில் குரூப் போட்டோ எடுக்கும்போது ஒருவர் அசைந்தால் அவருடைய முகம் மட்டும்தான் மங்கும். எம்.ஆர்.ஐ. அப்படியில்லை. மெஷின் படத்தின் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக எடுப்பதில்லை. வரி வரியாகச் சிக்னலைச் சேர்க்கிறது, ஒவ்வொரு வரியிலும் முழுப் படத்தைப் பற்றிய தகவலும் கலந்திருக்கிறது. எல்லா வரியும் சேர்ந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் படமாக மாற்றுகிறது. நடுவில் இரண்டு செக்கன் அம்மா மூச்செடுத்தால், அந்த இரண்டு செக்கனின் பிழை படம் முழுவதும் பரவிவிடும். வயிற்றுச் சுவரின் கொழுப்பு வளைவு வளைவாக ஈரலின் மேல் திரும்பத் திரும்ப விழும். இதற்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் கோஸ்ட். பெருநாடியின் துடிப்பினாலும் இதே மாதிரி ஆகும். இடப்பக்க ஈரலில் வட்டமாக, வெள்ளையாக, கட்டி போலவே ஒரு பொட்டு விழும். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற வைத்தியரான ரேடியோலொஜிஸ்ட், அனுபவமுள்ளவர் என்றால், அது பெருநாடிக்கு நேர் முன்னால் இருப்பதைப் பார்த்து அடையாளம் கண்டுவிடுவார். ஆனால் மூச்சும் சேர்ந்து குழம்பிய படத்தில் எது உண்மை, எது கோஸ்ட் என்று அவராலும் சொல்ல முடியாது. "தெளிவில்லை" என்று ரிப்போர்ட் எழுதியது நேர்மையான வேலை, அதற்காகக் கோபிக்க வேண்டாம்.

1980களின் தொடக்கத்தில் இப்படியொரு படத்துக்குப் பல நிமிடம் போகும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் இரண்டு செக்கன் காத்திருக்க வேண்டும், 256 வரி என்றால் எட்டரை நிமிடம். எந்த மனிதராலும் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியாது. 1985–86இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அக்செல் ஹாசே, யென்ஸ் ஃபிராம் முதலானோர் ஃபிளாஷ் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அணுக்களின் காந்தத்தை முழுதாகச் சாய்க்காமல் சிறிய கோணத்தில் மட்டும் தட்டினால், அது மீண்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உடனே அடுத்த வரியை எடுக்கலாம். காத்திருப்பு செக்கனிலிருந்து மில்லிசெக்கனுக்கு இறங்கியது. அதே 1986இல் யூர்கன் ஹென்னிக் ஒரே தட்டலுக்குப் பல எதிரொலிகளைச் சேர்க்கும் ரேர் முறையை வெளியிட்டார். இன்றைக்கு ஒரு குறுக்குவெட்டுத் துண்டை ஒரு செக்கனுக்குள் எடுத்து முடிக்கிற ஹேஸ்ட் படங்கள் அந்த வழியில் வந்தவைதான். மூச்சைப் பிடித்து ஈரலைப் பார்க்கலாம் என்ற நினைப்பே இவற்றோடுதான் நடைமுறைக்கு வந்தது.

சரி, இப்போது கணக்கைப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. கொன்ட்ராஸ்ட் போகும்போது எடுக்கிற முப்பரிமாணப் படத்துக்கு 60 துண்டு, துண்டுக்கு 160 வரி என்று வைப்போம். 9,600 வரி. ஒரு வரிக்கு 4 மில்லிசெக்கன். பெருக்கினால் 38 செக்கன். இளந்தாரிக்கே கஷ்டம்.

இதைக் குறைக்கப் பல வழி உண்டு. வயிற்றின் மேல் கட்டுகிற அந்தக் கனமான கொயிலுக்குள் பல சிறு அன்டெனாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்திலிருந்து கேட்பதால், பாதி வரியை எடுக்காமலே விட்டுவிட்டு, விடுபட்டதைக் கணக்கில் மீட்கலாம். 1999இல் சென்ஸ், 2002இல் கிராப்பா என்று வந்த முறைகள் செய்வது இதைத்தான். 38 செக்கன் 19 ஆகும். வரிகளின் ஒரு பக்கம் மறுபக்கத்தின் பிரதிபலிப்பு மாதிரி இருப்பதால் கால்வாசியை இன்னும் விடலாம், 14 செக்கனுக்கு வரும். துண்டின் திசையிலும் சேர்த்து நாலில் ஒரு பங்கு வரியை மட்டும் எடுத்தால், அந்தக் கால்வாசியைத் தொடாமலே 9 செக்கன் சொச்சம். துண்டைக் கொஞ்சம் தடிப்பாக்கினால் இன்னும் குறையும்.

சும்மா கிடைக்காது. வரியை அரைவாசியாக்கினால் சிக்னல் தரம் சுமார் 30 வீதம் விழும், நாலிலொன்றாக்கினால் பாதியோ அதற்கும் கீழோ. படம் மணல் தூவின மாதிரி வரும், ஈரலின் நடுப்பகுதியில் அது கூடத் தெரியும். ஆனால் என்னுடைய எண்ணம் இதில் உறுதியானது: அசைந்துபோன 18 செக்கன் படத்தைவிட, கொஞ்சம் மணலான, அசையாத 9 செக்கன் படம் எத்தனையோ மேல். ரேடியோலொஜிஸ்ட் மணலுக்குள்ளால் பார்ப்பார், கோஸ்டுக்குள்ளால் பார்க்க முடியாது. அண்மைக் காலத்து மெஷின்களில் செயற்கை நுண்ணறிவால் அந்த மணலைத் துடைக்கிற மென்பொருளும் வருகிறது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

எந்த நேரத்துப் படம் மிக முக்கியம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈரலுக்கு வருகிற இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி குடலிலிருந்து வருகிற போர்டல் நாளத்தால் வருகிறது, கால்வாசிதான் நாடியால். ஈரல் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் நாடியின் இரத்தத்தில் வளர்கிறது. அதனால் ஊசி போட்டு ஏறக்குறைய 30 முதல் 40 செக்கனுக்குள், நாடி நிறைந்து ஈரல் இன்னும் நிறையாத அந்தச் சிறு இடைவெளியில் எடுத்தால் கட்டி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். பிறகு 60, 70 செக்கனில் ஈரல் நிறைந்துவிடும். சில நிமிடத்தில் கட்டி சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுப்பாகிவிடும். முதலில் பளிச்சிட்டுப் பிறகு கறுத்தால், சிரோசிஸ் உள்ளவரில் பல சமயம் ஊசி குத்தித் துண்டெடுக்காமலே முடிவு சொல்லிவிடலாம். பளிச்சிடாத முடிச்சுகளும் சிரோசிஸில் நிறைய வரும், அவற்றில் பல தீங்கில்லாதவை. எனவே "ஏதோ தெரிகிறது" என்றவுடனே மனதை விட்டுவிடாதீர்கள்.

அந்த நாடிக் கட்டத்தைத் திரும்ப எடுக்க முடியாது. மற்றப் படம் குழம்பினால் இன்னொரு தடவை மூச்சைப் பிடிக்கச் சொல்லலாம். மருந்து ஒருமுறை கடந்துவிட்டால் கடந்ததுதான். நான் கண்ட்ரோல் அறையில் இருந்து பார்க்கும்போது, திரையில் பெருநாடி வெள்ளையாக ஏறுகிற கணத்தில் மைக்கைத் தட்டிச் சொல்லத் தொடங்க வேண்டும்: "மூச்சை எடுங்கோ... வெளியில விடுங்கோ... அப்படியே பிடிச்சுக்கொண்டிருங்கோ." இந்த மூன்று வசனத்துக்கும் உள்ள நேரம் சில செக்கன்தான். அப்போது உள்ளே இருப்பவர் தடுமாறினால் அந்தப் பரிசோதனையின் இதயமே போய்விடுகிறது. நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது இதுதான்: உள்ளே ஒலித்தது பதிவு செய்த ஆங்கிலக் குரல், அம்மாவுக்கு அது அரைகுறையாகத்தான் விளங்கியது என்கிறீர்கள். காதில் சத்தம் தடுக்கிற உறை, மெஷினின் இரைச்சல், அதற்கு மேல் விளங்காத மொழி. பல மெஷின்களில் பதிவுக் குரலை நிறுத்திவிட்டு நேரே பேசலாம். கொழும்பில் தமிழ் கதைக்கிற ரேடியோகிராபரோ தாதியோ கிடைக்காத நாள் குறைவு. புக் பண்ணும்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டால், நீங்களே மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொல்ல விடுவார்களா என்று கேட்பதிலும் பிழையில்லை.

அம்மா காது கேட்கும் கருவி பாவிப்பவர் என்றால் அதைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், அப்போது எந்த மொழியில் சொன்னாலும் கேட்காது. அப்படியானவர்களுக்கு, உலோகம் எதுவும் இல்லையென்று பரிசோதித்த ஒரு சொந்தக்காரரை அறைக்குள் காலடியில் நிறுத்தி, பாதத்தைத் தொட்டால் பிடிக்க வேண்டும், விட்டால் மூச்செடுக்கலாம் என்று முன்கூட்டியே பழக்கிச் செய்யலாம். எளிய வழி, நன்றாக வேலை செய்கிறது.

வீட்டுப் பயிற்சிக்கு வருவோம். கட்டிலில் நேராகப் படுக்க வைத்து, சாதாரணமாக ஒரு மூச்சு எடுத்து, ஆறுதலாக வெளியே விட்டு, விட்ட நிலையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். கடைசிக் காற்றுவரை நெருக்கி வெளியேற்றத் தேவையில்லை. நெஞ்சை நிரப்பிப் பிடித்தால் கூட நேரம் தாக்குப் பிடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவுக்கு நிரப்புவோம், ஈரல் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். மூச்சை விட்ட நிலையில் அது ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஊசிக்கு முந்திய படத்தைப் பிந்திய படத்திலிருந்து கழித்துப் பார்க்கிற வேலைக்கு இது மிகவும் தேவை. 8 செக்கனில் தொடங்கி 10, 12 என்று கொண்டு போங்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் நன்றாக மூச்சு வாங்க விடுங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு இறைத்தால், உடனே நிறுத்திவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். வெளியே விட்டுப் பிடிப்பது கடைசிவரை முடியவில்லை என்றால் உள்ளே எடுத்துப் பிடிப்பதாகவே முடிவு செய்யலாம். ஆனால் அதை எடுப்பவரிடம் சொல்லுங்கள், ஊசிக்கு முன்னும் பின்னும் எல்லாப் படத்துக்கும் ஒரே முறையாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு இன்ஹேலரை வழக்கம் போல எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், கையிலும் கொண்டு வாருங்கள். மூக்குக் குழாயால் கொஞ்சம் ஒட்சிசன் கொடுத்தால் பலருக்குப் பிடிக்கிற நேரம் நீளும். ஆஸ்துமாவோடு வேறு நுரையீரல் நோயும் இருந்தால் அதை வைத்தியரிடம் கேட்டுத்தான் கொடுப்போம்.

எந்தக் கொன்ட்ராஸ்ட் என்பதையும் ரேடியோலொஜிஸ்டிடம் கேளுங்கள். ஈரலுக்கென்றே பிரைமோவிஸ்ட் என்று ஒரு மருந்து உண்டு. அதில் ஏறக்குறைய பாதி ஈரல் கலங்களுக்குள் போய்ப் பித்தத்தோடு வெளியேறும், 20 நிமிடம் கழித்து எடுக்கிற படத்தில் ஈரல் முழுவதும் பிரகாசிக்க, கட்டி இருண்டு தெரியும். அருமையான மருந்து. ஆனால் அதற்குத் தெரிந்த ஒரு குணம் இருக்கிறது: சிலருக்குச் சரியாக அந்த நாடிக் கட்டத்தில் சில செக்கன் மூச்சு இறைப்பது போல வந்து, படம் அசைந்துவிடும். அளவும் குறைவு, 60 கிலோ உள்ளவருக்கு 6 மில்லிலீற்றர்தான், அதனால் நாடிக் கட்டமும் குறுகியது. முதல் தடவை அம்மாவுக்கு எது போட்டார்கள் என்று ரிப்போர்ட்டில் இருக்கும். பிரைமோவிஸ்ட் என்றால் இம்முறை சாதாரண காடோலினியம் மருந்து பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்வி. முடிவு அவர்களுடையது. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

மூச்சைப் பிடிக்காமலே எடுக்கிற முறைகளும் உண்மையாகவே இருக்கின்றன. வயிற்றில் ஒரு பெல்ட் கட்டி, அல்லது பிரிமென்றகட்டையே கண்காணித்து, மூச்சு விட்டு ஓய்கிற நேரத்தில் மட்டும் எடுப்பது ஒன்று. ஊசி தேவைப்படாத டி2, டிஃபியூஷன் என்ற வகைப் படங்கள் இப்படி நன்றாக வரும், அவற்றுக்கு அம்மா சாதாரணமாக மூச்செடுத்தபடி இருக்கலாம். ஆனால் மூன்று, நாலு நிமிடம் போகிற இந்த வழியில் நாடிக் கட்டத்தைப் பிடிக்க முடியாது. அதற்கென்று வந்தது வரிகளைச் சக்கரத்தின் ஆரைக்கால் போலச் சுற்றிச் சுற்றி எடுக்கிற முறை. ஒவ்வொரு ஆரையும் நடுவைக் கடந்து போவதால் அசைவு கோஸ்டாக விழாமல் லேசான கீறல்களாகப் போய்விடும். ஊசிக்கு முன்பிருந்தே தொடர்ந்து எடுத்து, பிறகு வேண்டிய கட்டத்தைப் பிரித்தெடுக்கிற கிராஸ்ப் என்ற முறை 2014இல் வெளியானது. இது எல்லா மெஷினிலும் இருக்காது. "மூச்சு விட்டபடி எடுக்கிற ரேடியல் டைனமிக் இருக்கிறதா?" என்று கேளுங்கள், ரேடியோகிராபருக்கு விளங்கும்.

3 டெஸ்லாவுக்குக் கூடக் காசு கொடுக்க வேண்டாம் என்பேன், குறிப்பாக அம்மாவின் வயிற்றில் நீர் கட்டியிருந்தால். சிக்னல் கூடக் கிடைக்கும், உண்மை. ஆனால் அந்த அதிர்வெண்ணில் ரேடியோ அலையின் நீளம் வயிற்றின் அகலத்துக்கு நெருங்கி வருவதால் நடுவில் இருண்ட திட்டு விழும், நீர் இருந்தால் அது இன்னும் மோசம். நல்ல கொயிலும் பொறுமையான ஆளும் உள்ள 1.5 டெஸ்லா தாராளமாகப் போதும்.

மயக்கமும் வேண்டாம். லேசான மயக்க மருந்து கொடுத்தால் பயம் குறையும், ஆனால் சொல்வதைக் கேட்டு மூச்சைப் பிடிக்கவும் மாட்டார். முழு மயக்கம் கொடுத்து வென்டிலேட்டரில் மூச்சை நிறுத்தி எடுக்கலாம்தான். ஆஸ்துமாவும் சிரோசிஸும் உள்ள 68 வயது அம்மாவுக்கு இந்தப் படத்துக்காக அவ்வளவு தூரம் போவதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாம் செய்தும் 8 செக்கன்கூட முடியவில்லை என்றால் மூன்று கட்ட சி.டி. ஸ்கான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் சில செக்கனில் முடிந்துவிடும், நாடிக் கட்டம் நன்றாகக் கிடைக்கும். கதிர்வீச்சும் அயடீன் மருந்தும் உண்டு, சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இரண்டு சென்ரிமீற்றர் முடிச்சுக்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான்.

சென்னைக்குப் போவது பற்றி: இந்தப் படத்துக்காக மட்டும் போகத் தேவையில்லை. நான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானது கொழும்பிலேயே நடக்கும். டிக்கெட் காசை வைத்துக்கொண்டு, எடுக்கப் போகிற இடத்துக்கு ஒரு நாள் முன்னதாக நேரில் போய், எம்.ஆர்.ஐ. பகுதியில் இருப்பவரிடம் கதையுங்கள். அம்மாவால் வெளியே விட்டு எத்தனை செக்கன் பிடிக்க முடிகிறது என்ற எண்ணைச் சொல்லுங்கள், அதை வைத்து அவர் படத்தை அமைப்பார். முதல் தடவை எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள டிஸ்க்கைக் கட்டாயம் கொண்டு போங்கள். அதில் டி2, டிஃபியூஷன் படங்கள் நன்றாக வந்திருக்கக்கூடும். அவை பாவிக்கக்கூடியவை என்று ரேடியோலொஜிஸ்ட் சொன்னால், இம்முறை ஊசி போட்டு எடுக்கிற டைனமிக் பகுதியை முதலிலேயே, அம்மா களைப்பதற்கு முன் எடுத்துவிடலாம். வழக்கமான ஒழுங்கில் அரைமணி நேரம் படுத்து, பத்துப் பன்னிரண்டு தடவை மூச்சைப் பிடித்துக் களைத்த பிறகுதான் ஊசி போகிறது. உங்கள் அம்மா மாதிரியானவர்களுக்கு அந்த ஒழுங்கை மாற்றிக் கேட்பதுதான் நான் முதலில் செய்வது. காலை நேரமாக, பின்னால் வரிசை நெருக்காத ஒரு இடைவெளியாகப் பார்த்து புக் பண்ணுங்கள். நாலு மணித்தியாலம் சாப்பிடாமல் வர வேண்டும், சேஃப்டி பின், தாலிக்கொடி, காப்பு எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். வழமையாகப் போடுகிற மருந்தைக் கொஞ்சத் தண்ணீரோடு போடலாமா என்பதை மட்டும் புக் பண்ணும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.